பழைய பாட்டிலில் பானம் ஊற்றுமுன்

இரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இயந்திரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டிப்ளமோ படிப்புதான் படித்தேன். ஆனால் நீராவிக் கொதிகலன் முதல் காற்று பிரேக் வரை அழுத்தத்தோடு பழகியவன். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே ஒரு பாட்டில் வெடித்தது. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சாலைக் கம்போளத்தில் கிடைக்காத பொருள் இல்லை. திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய கடைத்தெரு அது. நம் குடும்பங்களில் பலருக்கு இந்த ஊரில் முதல் முகவரியும் அதுவே. பழைய பாட்டில்களும் அங்கே வாங்கலாம். தமிழ்நாட்டில் காயலாங்கடை என்பதை இங்கே ஆக்ரிக்கடை என்கிறார்கள். பாட்டிலைக் குப்பி என்கிறார்கள். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு அந்தச் சொல் புதிதல்ல.

சென்ற ஆண்டு ஓணத்துக்கு முந்தைய வாரம் அங்கே ஆறு தட்டைக் குப்பிகள் வாங்கினேன். பிராந்தி வருமே, சட்டைப் பையில் வைக்கிற மாதிரி, அவைதான். பேத்திக்குப் பிடித்த இஞ்சி எலுமிச்சைப் பானம் ஊற்றி வைக்க எண்ணம். வீட்டுக்காரிக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை போதும் என்று நானே குறைத்தேன். குப்பிகளைக் குழாயடியில் இரண்டு முறை அலசினேன், அவ்வளவுதான். பானத்தை ஆறவிட்டு ஊற்றி, மூடியை இறுக்கி, சமையலறை அலமாரியில் அடுக்கினேன். ஐந்தாம் நாள் மதியம் ஒரு குப்பி வெடித்தது. பேத்தி தண்ணீர் குடித்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தாள். அவள் கண் உயரத்தில், சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒரு கண்ணாடிச் சில்லு குத்தி நின்றது.

யோசித்துப் பார்த்ததில் மூன்று தவறுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன.

முதலாவது, குப்பி சுத்தமாகவில்லை. பழைய குப்பியின் கழுத்திலும் அடிவளையத்திலும் காய்ந்து ஒட்டியிருக்கும் படலத்தில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ஒளிந்திருக்கும். இரண்டாவது, சர்க்கரையைக் குறைத்தேன். நன்னாரி சர்பத் கெடாமல் நிற்பது அதில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு அளவுக்குச் சர்க்கரை இருப்பதால்தான். அந்தப் பாகில் ஈஸ்ட் எளிதில் வளராது. நான் செய்த நீர்த்த பானமோ ஈஸ்ட்டுக்கு விருந்து.

மூன்றாவது தவறுதான் என்னைப் போன்றவன் செய்யக்கூடாதது. அதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. 4 கிராம் சர்க்கரையிலிருந்து ஏறத்தாழ 2 கிராம் வாயு, அதாவது சுமார் ஒரு லிட்டர் வாயு வரும். லிட்டருக்கு 16 கிராம் புளித்தால் 4 லிட்டர் வாயு. மூடிய குப்பிக்குள், நம்மூர் 30 டிகிரி வெப்பத்தில், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ அழுத்தம். நம் இரயில் வண்டிகளின் பிரேக் குழாயில் இருப்பதும் அதே 5 கிலோதான்! என் பானத்தில் இருந்ததோ 200 கிராம். பன்னிரண்டில் ஒரு பங்கு புளித்தாலே பிரேக் குழாய் அழுத்தம் வந்துவிடும்.

கொதிகலனை ஏன் உருளையாகச் செய்கிறோம்? உருண்டை வடிவில் அழுத்தம் சுற்றிலும் சமமாகப் பரவும். தட்டைப் பக்கமோ வெளியே வளையப் பார்க்கும். கண்ணாடி வளையாது, உடையும். தட்டைக் குப்பியின் ஒரு பக்கம் 80 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், அதன்மேல் 400 கிலோ பாரம். இனி வாயு உண்டாகக்கூடிய எதையும் தட்டைக் குப்பியில் ஊற்றாதீர்கள். உருண்டைக் குப்பியும் பழையதென்றால் நம்பக்கூடாது.

வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். முதலில் மோந்து பாருங்கள். மண்ணெண்ணெய், பினாயில், ஆசிட், பூச்சிமருந்து என்று சந்தேகம் வந்தாலே வேண்டாம். "நன்றாகக் கழுவினால் போகும் சாரே" என்று கடைக்காரர் சொல்லத்தான் செய்வார். 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்ததைத் தடயவியல் சோதனை காட்டியது. பூச்சிமருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெயை வைத்திருந்ததாக அப்போது அதிகாரிகள் கூறினர்.

பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நட்சத்திரம் போன்ற கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப்பகுதியில் துணி சுற்றிய விரலை ஓட்டிப் பாருங்கள். சிதைவு இருந்தால் தட்டுப்படும். இரயில் சக்கர அச்சில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று ஒலியலை கொண்டு தேடுவோம். முறிவு அங்கிருந்துதான் தொடங்கும். கண்ணாடிக்கும் அதே விதி. ஆகவே, பாட்டி காலத்தில் செய்தது போல மணல் போட்டுக் குலுக்குவது கூடாது. ஒரு பிடி பச்சரிசியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் குலுக்கினாலே அழுக்கு வந்துவிடும். மதுப் பாட்டில்கள் சிலவற்றின் கழுத்தில், மீண்டும் நிரப்பாதிருக்க ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். அதன் பின்புறத்தைக் கழுவ வழியே இல்லை, அவற்றை விட்டுவிடுங்கள்.

கழுவுவதற்குச் சலவைச் சோடா வேண்டும். இங்கே கடையில் அலக்குக்காரம் என்று கேளுங்கள். அப்பக்காரம் என்று கேட்டால் ஆப்பச் சோடாவைப் பொட்டலம் கட்டித் தருவார்கள், அது வேறு. பத்து லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் கரைத்துக் குப்பிகளை இரவு முழுவதும் ஊறவிட்டால் லேபிளும் பசையும் தானே கழன்றுவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இஞ்சின் கொதிகலன் தண்ணீருக்கே சோடா போடுவோம், அதனால் இதில் எனக்குப் பழைய பாசம் உண்டு. பிளாஸ்டிக் வாளி நல்லது. அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். கையுறை போடுங்கள். பிறகு கழுத்துக்குள் நுழையும் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். தொழிற்சாலைகளில் காஸ்டிக் சோடா பயன்படுத்துவார்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம். பிளீச்சிங் பவுடர் போடுபவர்கள் வினிகரையோ கழிவறை ஆசிட்டையோ அதோடு சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

கிருமி போக்குவது அழுக்கு போன பிறகுதான். பெரிய பாத்திரத்தின் அடியில் பழைய துணி விரித்து, குப்பிகளைப் படுக்க வைத்து, மூழ்கும்படி பச்சைத் தண்ணீர் ஊற்றி, மெல்லச் சூடாக்குங்கள். கொதி வந்து பத்து நிமிடம் போதும். அதிலேயே ஆறட்டும். குளிர்ந்த குப்பியில் கொதிநீர் ஊற்றினால் சாதாரணக் கண்ணாடி விரியும். சுமார் 40 டிகிரிக்கு மேல் திடீர் வேறுபாட்டை அது தாங்காது. சூடான பாகு ஊற்றும்போது குப்பியும் சூடாக இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். மூடி மட்டும் எப்போதும் புதியது வாங்குங்கள். மூடியின் உட்பட்டையில் தங்கிய வாடையும் கிருமியும் போவதில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது திராட்சை வைனுக்கும் இந்த முறை போதுமா என்று இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் போடுகிறார்களே என்பது அவர்கள் வாதம். ஆனால் கொல்லம் ஆண்டு 1077-இல், அதாவது 1902-இல், பிறந்த அப்காரிச் சட்டம் கேரளத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. உரிமம் இன்றி வீட்டில் வைன் போடுவது குற்றம் என்று 2019 டிசம்பரில் கலால் துறை எச்சரித்தது. வெளியூரிலிருந்து வந்து குடும்பம் நடத்தும் நமக்கு அந்த வம்பு எதற்கு? நான் சொல்லும் முறை சர்பத், பாகு, எண்ணெய் போன்றவற்றுக்கே.

பொங்கிவரும் இஞ்சிப் பானம்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், கெட்டியான பாகாகச் செய்து, குடிக்கும்போது கடைச் சோடாவில் கலந்து கொடுங்கள். நீர்த்த பானம் செய்தால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளில் முடித்துவிடுங்கள். அதற்குக் கண்ணாடியைவிட, புதிதாக வாங்கிய சோடாவின் பிளாஸ்டிக் பாட்டில் மேல். கையால் அமுக்கிப் பாருங்கள், கல்லாக இறுகியிருந்தால் உள்ளே புளிக்கிறது. உடனே கழுவுதொட்டியில் வைத்து மூடியை மெல்லத் தளர்த்துங்கள். அந்தப் பாட்டிலை மட்டும் கொதிக்க வைக்காதீர்கள், சுருங்கிவிடும்.

மிச்சமிருந்த ஐந்து தட்டைக் குப்பிகளையும் அன்றே தடித்த ஈரச் சாக்கால் மூடி முற்றத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடி அணிந்து, ஒவ்வொன்றாகத் திறந்தேன். நான்கு சீறின. ஒன்று மட்டும் சாதுவாக இருந்தது. அதன் மூடி சரியாகப் பொருந்தாமல் காற்று கசிந்திருந்தது.