எண்ணூர்க் கழிமுகத்தில் கெளுத்திக்கு ஒரு மாலை

வடசென்னையில் தூண்டில் போட ஆசைப்படுகிறவருக்கு ஏரிகளால் பெரிய உபயோகமில்லை. புழல் குடிநீர் ஏரி. அங்கே தூண்டிலோடு போய் உட்கார முடியாது. மாதவரம், மணலிப் பக்கத்து ஏரிகளில் மீன் குத்தகை எடுத்தவர் இருந்தால், அவரைக் கேட்காமல் நூல் போடுவது வம்பு. மிச்சமிருப்பது எண்ணூர். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் வந்து கடலோடு கலக்கும் கழிமுகம் அது. உவர்நீரும் சேறும் கெளுத்திக்குப் பிடித்தவை. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் எண்ணூரில் இறங்கலாம். மெட்ரோவில் வந்தால் விம்கோ நகரில் இறங்கி பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடிக்க வேண்டும்.

நாள் பார்ப்பது

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் ஓட்டம் வேகமாக இருக்கும். புதிதாகப் பழகுகிறவரின் ஈயம் அந்த ஓட்டத்தில் தரையில் நிற்காது, உருண்டுகொண்டே போகும். நான்கைந்து நாள் கழித்துப் போவது நல்லது. அதற்காக ஓட்டமே இல்லாத நேரத்தில் போனாலும் பயனில்லை. நீர் அசையாமல் நின்றால் இரையின் வாடை பரவாது, கெளுத்தியும் வராது. சென்னைத் துறைமுகத்தின் ஓத நேரம் கைபேசியிலேயே கிடைக்கும். கழிமுகத்துக்குள் நீர் ஏறக் கொஞ்சம் தாமதமாகும் என்பதை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். ஏற்றம் நாளுக்கு இருமுறை வரும், தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். பொழுது சாயும் நேரமும் நீர் ஏறும் நேரமும் ஒன்றாக விழுகிற நாளைத் தேடிப் பிடியுங்கள். அதுதான் உங்கள் நாள்.

ஐப்பசி, கார்த்திகையில் கலங்கல் நீரில் கெளுத்தி நன்றாகக் கடிக்கும். ஆனால் பூண்டி ஏரியில் ஷட்டர் திறந்தால் அந்த நீர் கொசஸ்தலையில் இறங்கி இங்கேதான் வரும். புழல் உபரி நீரும் சடையங்குப்பம் வழியாக இந்தப் பக்கம்தான் வந்து சேரும். திறப்பு அறிவிப்பு வந்த நாளில் வீட்டிலேயே இருங்கள்.

கரையில் நின்று முதலில் மூக்கு, பிறகு கண்

இங்கே இரையை எடுப்பதற்கு முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து இறங்கிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக இந்தக் கழிமுகம் முழுக்கப் பரவியது. படகும் வலையும் கறுத்தன, பிடித்த மீனை வாங்க ஆளில்லை. ஆகவே நீர்மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தாலோ, டீசல் வாடை அடித்தாலோ, அன்று நூலை அவிழ்க்கவே வேண்டாம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சாம்பல் நிறச் சேறு மேலே கெட்டியாகத் தெரியும். காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே வாங்கும். கல்லோ மணலோ உள்ள கரையில் நில்லுங்கள். மீனவர் வலை கட்டியிருக்கும் இடத்தை விட்டுத் தள்ளி உட்காருங்கள். "அண்ணே, இங்க போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால், நீர் எப்போது திரும்பும் என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

கட்டு

ராடு, ரீல் எதுவும் தேவையில்லை. கைத்தூண்டில் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் 0.40 மி.மீ. தங்கூசியை ஐம்பது மீட்டர் சுற்றிக்கொள்ளுங்கள். 2 முதல் 6 வரை எண்ணுள்ள முள் வாங்குங்கள். எண் கூடினால் முள் சிறிது. காசிமேட்டில் வலையும் நூலும் விற்கும் கடைகளில் எல்லாம் கிடைக்கும்.

எண்ணூருக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு சிப்பி இங்கே குடியேறி, அடித்தரையைக் கம்பளமாக மூடிவிட்டது. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். இறால் மேயும் சேற்றை அது மூடிவிட்டதால் அவர்கள் பிழைப்பே ஆட்டம் கண்டிருக்கிறது. நமக்கு ஈயம் சிக்குவது அதன் பக்கத்தில் ஒன்றுமேயில்லை. இருந்தாலும் வழி சொல்கிறேன். ஈயத்தைப் பெரிய நூலில் நேராகக் கோக்காதீர்கள். முள்ளுக்கு ஒரு சாண் மேலே முடிச்சுப் போட்டு, அதிலிருந்து ஒன்றரைச் சாண் நீளத்துக்கு மெல்லிய 0.25 நூலைத் தொங்கவிட்டு, அதன் நுனியில் ஈயத்தைக் கட்டுங்கள். சிக்கினால் மெல்லிய நூல்தான் அறும். முள்ளும் மீனும் உங்களுக்கு. ஈயத்துக்குப் பதில் துருப்பிடித்த நட்டு கட்டினாலும் போதும். திருவொற்றியூர்க் காயலான் கடையில் அதற்கா பஞ்சம்? செருப்பு அவசியம், சிப்பி விளிம்பு பிளேடு போல அறுக்கும்.

இரை

மண்புழு உவர்நீரில் சீக்கிரம் செத்துத் துவளும். பொடி இறாலோ மத்தித் துண்டோ நல்லது. கெளுத்தி மீசையால் தேடித் தின்கிற மீன் என்பதால் வாடை இருக்க வேண்டும்; அதற்காக அழுகவிடாதீர்கள், முள்ளில் நிற்காது. முள்ளின் நுனி மட்டும் வெளியே தெரியட்டும்.

வீசியபின் நூலை ஆட்காட்டி விரலில் தாங்குங்கள். முதலில் டக், டக் என்று இரண்டு தட்டு வரும். அப்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். தட்டு நின்று நூல் ஒரே சீராக நகர ஆரம்பித்ததும் மணிக்கட்டால் ஒரு வெட்டு, பிறகு தொய்வில்லாமல் சுருட்டுங்கள்.

கையில் எடுப்பது

கரைக்கு வந்த கெளுத்தி கரகரவென்று கத்தும். அது வாயிலிருந்து வருகிற சத்தமல்ல; பக்கத் துடுப்பு முள் மூட்டில் உரசுவதால் எழுவது. முதுகில் ஒன்று, இருபுறமும் ஒவ்வொன்று என மூன்று முள். விறைத்து நின்றால் பூட்டிக்கொள்ளும், மடக்க முடியாது. ஓரத்தில் ரம்பப் பல், தோலில் நஞ்சு. ஈரக் கோணியால் மீனை அழுத்திப் பிடித்து, கட்டிங் பிளேயரால் மூன்றையும் அடியோடு நறுக்குங்கள். அதற்குப் பின்தான் தூண்டில் முள்ளைக் கழற்றுவது. ஆழமாக விழுங்கியிருந்தால் நோண்டாமல் நூலை வெட்டுங்கள். வால் விலாங்கு போல ஒடுங்கியிருந்தால் அது இருங்கெளுத்தி. நஞ்சு கடுமை. பழகாதவர் அதைத் தொடாமல் நூலை வெட்டி நீரில் விட்டுவிடலாம்.

கடல் கெளுத்தி கிடைத்தால் வாயையும் பாருங்கள். ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும். ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு இருக்கும். முட்டை தெரிந்தால் முள்ளை நறுக்காமல், வந்த வழியே அனுப்பிவிடுங்கள்.

குத்திவிட்டால் கட்டுப் போடாதீர்கள், மஞ்சளோ சுண்ணாம்போ அப்பாதீர்கள். போகும்போதே பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோங்கள்; டீக்கு அல்ல, இதற்குத்தான். கழுவிவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரியில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் காயத்தை முக்கி வையுங்கள். கடுப்பால் சூடு தெரியாமல் போகும். நல்ல கையால் தொட்டுப் பார்த்தே ஊற்றுங்கள். முள் ஒடிந்து உள்ளே நின்றாலும், வீக்கம் ஏறினாலும், டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தாலும் ராயபுரம் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

சட்டிக்கு முன்

கல் உப்பும் புளியும் போட்டுத் தேய்த்தால் வழவழப்பு போய்விடும். குடல், ஈரல், செவுள் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்; அங்கே தங்கும் கன உலோகம் எவ்வளவு கொதித்தாலும் போகாது. மண்ணெண்ணெய் வாடை வீசும் மீனைப் பூனைக்கும் போட வேண்டாம். இந்த நீரில் பிடித்ததை எப்போதாவது ஒருநாள் குழம்பு வைக்கலாம், வாரா வாரம் கூடாது. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காமல் இருப்பதே சரி.

அறுந்த தங்கூசித் துண்டுகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிடுங்கள். போன அன்று நீரில் எண்ணெய்ப் படலமோ செத்த மீனோ கண்டால், இடமும் நேரமும் தெரிகிற மாதிரி படமெடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் அனுப்புங்கள். எண்ணூர் மீனவர்கள் பல வருடமாக இதைத்தான் சொல்லிவருகிறார்கள். வெளியிலிருந்தும் ஒரு சாட்சி சேரட்டும்.