சேர்ந்தே வரும் சொற்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஆய்வேட்டின் முதல் இரண்டு அத்தியாயங்களை நிதானமாகப் படித்தேன். விரல் வைத்துக் காட்டும்படியான இலக்கணப் பிழை அதிகமில்லை. ஆயினும் பக்கத்துக்குப் பக்கம் ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ என்ற தொடர் வந்து நிற்பதும், அது எதற்கு மறுபக்கம் என்பது முன்னால் எங்குமே சொல்லப்படாதிருப்பதும் மனத்தை உறுத்தியபடியால் இதை எழுதுகிறேன்.

இவ்வாறு மூன்று நான்கு வார்த்தைகள் கூட்டாகவே திரும்பத் திரும்ப வருவதற்கு, டக்ளஸ் பைபரும் அவருடைய சகாக்களும் 1999-ல் வெளியான லாங்மன் இலக்கண நூலில் ‘லெக்ஸிகல் பண்டில்’ என்று பெயரிட்டார்கள். சம்பாஷணையில் இத்தொடர்கள் பெரும்பாலும் வினையைச் சுற்றி அமைய, சாஸ்திரீய எழுத்திலோ ‘இன் தி கேஸ் ஆஃப்’ என்பதுபோலப் பெயர்ச்சொல்லைப் பற்றிக்கொண்டே வளர்கின்றன என்பது அவர்கள் கண்ட விசேஷம்.

2012-ல் அனெலி ஏடல், பிரிட் எர்மன் என்ற இரு அறிஞர்கள், ஸ்வீடிஷ் மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளை, ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களின் கட்டுரைகளோடு ஒப்பிட்டு, நாலு சொல் தொடர்களில் பின்னவர் 130 வகைகளைக் கையாண்டிருக்க, முன்னவர் 60 வகைகளோடு திருப்தியடைந்துவிட்டதைக் காட்டினார்கள். ஆங்கிலத்துக்கு நெருங்கிய பந்துவான ஒரு மொழியைப் பேசுகிறவர்களுக்கே இந்தக் கதியென்றால், நீயும் நானும் வெட்கப்படுவதற்கு அதிகமில்லை! ஆனால் குறைந்திருந்தவற்றுள் முக்கியமான ஒரு வகை, ஒரு கருத்தை அறுதியிட்டுச் சொல்லாமல் அளந்து தயங்கிச் சொல்ல உதவும் தொடர்கள் என்பதை நீ கவனிக்க வேண்டும்.

இதைக் கேட்டவுடன் தொடர்களின் ஜாபிதா ஒன்றை மனனம் செய்யப் புறப்பட்டுவிடாதே. கென் ஹைலண்ட் 2008-ல் ஹாங்காங் மாணவர்களின் ஆய்வேடுகளை ஆராய்ந்தபோது, முதுகலை மாணவர்கள் இத்தொடர்களைப் பிரசுரமான கட்டுரைகளின் ஆசிரியர்களைக் காட்டிலும் அதிகமாகவே பிரயோகித்திருப்பதைக் கண்டார். ஆகையால் எண்ணிக்கையைக் கூட்டுவதால் குறை தீர்ந்துவிடாது. மேலும், அவர் ஒப்பிட்ட துறைகளுள் இத்தொடர்களை மிகுதியாக நம்பி எழுதுவது உன்னுடைய மின்பொறியியல்தான். ஆனால் துறைக்குத் துறை தொடர்கள் வேறுபடுவதால், வணிகவியல்காரனுக்குச் சகஜமாயிருப்பது உனக்கு இரவல் சட்டையாகத் தொங்கும். உன் துறைச் சஞ்சிகைகளில் வந்த நல்ல கட்டுரைகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தொடரும் எந்த இடத்தில், என்ன காரியத்துக்காக, எதற்குப் பின்னால் வருகிறதென்று பென்சிலால் குறித்துக்கொண்டே படி. சலிப்பான வேலைதான், அகராதி எதுவும் இதை உனக்காகச் செய்து தராது.

இரண்டாம் அத்தியாயத்தில் ஒரே மின்மாற்றியை வைத்து அளந்த வெப்பநிலையை, உலகத்து மின்மாற்றிகளுக்கெல்லாம் பொருந்தும் சத்தியம்போல எழுதியிருக்கிறாய். ‘இட் இஸ் லைக்லி தட்’ போன்ற ஒரு தொடர் அவசியமாகும் இடம் அதுவே. முதலில் அந்தப் பாராவைத் திருத்தி, மூன்றாம் அத்தியாயத்தோடு சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்