ஆறாக்குவதற்கு முன்

நாகர்கோவில்,
புரட்டாசி

அன்புள்ள மருமகனுக்கு,

குன்னத்துகாலிலிருந்து நீ அனுப்பிய படங்களையும் அளவுகளையும் நிதானமாகப் பார்த்தேன். பி.வி.சி. குழாயில் மூன்று அலுமினியக் கம்பிகள், 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு யாகி ஆன்டெனா. அறுத்த முனைகளை அரத்தால் ராவி, மூன்றையும் ஒரே தளத்தில் நிறுத்தியிருக்கிறாய். நல்ல கைவேலை. இன்னும் மூன்று டைரக்டர் சேர்த்து ஆறாக்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம் மக்கா. இருக்கிற மூன்றிடமிருந்தே நீ வாங்க வேண்டியது நிறைய பாக்கி இருக்கிறது.

முதல் காரியம் கேபிள். மாடியிலிருந்து மேஜை வரை 25 மீட்டர் ஆர்.ஜி.58 ஓட்டியிருக்கிறாய். இந்த அலைவரிசையில் அது சுமார் 5 டெசிபெல்லை விழுங்கும். செட்டிலிருந்து 10 வாட் கிளம்பினால் மேலே போய்ச் சேர்வது 3 வாட்டும் கொஞ்சமும்தான். கேட்கும்போதும் அதே நஷ்டம். எஸ்.டபிள்யூ.ஆர். (திரும்பும் அலையைக் காட்டும் அளவு) 1.2 என்று மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறாயே, அதையும் இந்தக் கேபிள்தான் அழகாக்கிக் காட்டுகிறது. ஆன்டெனாவில் மோதித் திரும்பும் அலையும் அதே 5 டெசிபெல்லை இழந்துதான் மீட்டருக்கு வருகிறது. கீழே 1.2 என்றால் மேலே 1.8 இருக்கலாம். சந்தேகமிருந்தால் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, கேபிளின் மேல் முனையைச் சும்மா விட்டு, நானோ வி.என்.ஏ.வில் பார். ஒன்றுமே இணைக்காத கேபிள் 2-க்குப் பக்கத்தில் எஸ்.டபிள்யூ.ஆர். காட்டும்! இனி அளவு எடுப்பதெல்லாம் ஆன்டெனா முனையிலேயே இருக்கட்டும்.

இழப்பு குறைந்த ஆர்.ஜி.213 கேபிள் வாங்கக் காசு இல்லையென்றால் கேபிள் டி.வி.க்காரர்களிடம் ஆர்.ஜி.6 கேள். அது 75 ஓம்தான், ஆனால் 25 மீட்டரில் இழப்பு 2 டெசிபெல்லுக்குள் நிற்கும். 50 ஓம் செட்டோடு சேரும்போது எஸ்.டபிள்யூ.ஆர். 2 வரை ஏறலாம். அதனால் உன் செட்டுக்கு ஒன்றும் ஆகாது. மிச்சமாகும் 3 டெசிபெல் சாதாரண விஷயமல்ல. யாகியின் ஆதாயத்தைத் தீர்மானிப்பது கம்பிகளின் எண்ணிக்கையைவிட அவற்றைத் தாங்கும் பூமின் நீளம்தான். பூமை இரட்டித்தாலும் கிடைப்பது நடைமுறையில் 2 டெசிபெல்லுக்குச் சற்று மேல். நீ மூன்று டைரக்டர் சேர்த்துப் பெற நினைத்தது கேபிளிலேயே கிடக்கிறது.

அடுத்தது கம்பிகளின் நிலை. படத்தில் மூன்றும் படுக்கையாக இருக்கின்றன. ஏன் அப்படி வைத்தாய் என்று எனக்குப் புரிகிறது. 1982-இல் ரூபவாகினி தொடங்கிய பிறகு நம் தென்கரையில் அதைப் பிடிக்க மூங்கிலிலும் இரும்புக் குழாயிலும் தூக்கிக் கட்டிய ஆன்டெனாக்கள் எல்லாம் படுக்கைதான். யாகி என்றாலே நம் கண்ணுக்கு அந்த உருவம் பழகிவிட்டது. ஆனால் ரிப்பீட்டரும் கைக்கருவிகளும் செங்குத்தாக அலை விடுகின்றன. படுக்கையான ஆன்டெனாவில் அதை வாங்கினால் 20 டெசிபெல் வரை போகலாம். பூமைக் கால் சுற்றுத் திருப்பிக் கம்பிகளை நிறுத்து. அதோடு, நடுவில் பிடித்திருக்கும் ஜி.ஐ. குழாயை அங்கிருந்து எடுத்துவிடு. கம்பிகளுக்கு இணையாக நிற்கும் இரும்பு தானும் ஒரு எலிமென்ட் போல நடந்து அலையின் திசையைக் கெடுக்கும். பூமைப் பின்னால் நீட்டி, பின்கம்பியான ரிஃப்ளெக்டருக்கும் பின்னே கம்பத்தில் பிடி. கேபிளும் பூமை ஒட்டிப் பின்னே ஓடி, அங்கிருந்துதான் கீழே இறங்க வேண்டும்.

மின் இணைப்புக்கு வருகிறேன். கேபிளை நேரே நடுக்கம்பியில் கொடுத்திருக்கிறாய். கேபிளின் வெளிப்பின்னலும் அலைவிட ஆரம்பித்திருக்கும். கேபிளைக் கையால் பிடித்துப் பார், மீட்டர் அசைந்தால் அதுதான் அடையாளம். இணைப்புக்கு ஒட்டினாற்போல் கேபிளை ஒன்றரை அங்குலக் குழாயில் நாலைந்து சுற்றுச் சுற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். டிகே7இசட்பி என்ற ஜெர்மன் ஹாமின் 28 ஓம் வடிவங்களை ஒருமுறை படித்துப் பார். அவற்றுக்கு 75 ஓம் கேபிளில் கால் அலைநீளத் துண்டுகள் இரண்டை இணையாகப் போட்டால் 50 ஓம் ஆகிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து 37.5 ஓம். 37.5-ஐ அதே 37.5-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்துப் பார், விளங்கும். 145-இல் கால் அலைநீளம் 51.7 செ.மீ. பழைய கெட்டிப் பாலித்தீன் ஆர்.ஜி.59-க்கு வேகக் குணகம் 0.66, ஆகவே துண்டு 34 செ.மீ. இந்த இடத்தில் ஆர்.ஜி.6 வேண்டாம். அதன் பின்னல் அலுமினியம், ஈயம் ஒட்டாது. செம்புப் பின்னல் உள்ளதாகப் பார்த்து வாங்கு.

அலுமினியத்தில் செம்புக் கம்பியை நேரே முறுக்கி வைத்திருப்பதும் நிலைக்காது. பூவாறு கடலிலிருந்து வரும் காற்றும் இடவப்பாதித் தென்மேற்கு மழையும் சேர்ந்தால் ஒரே வருடத்தில் அங்கே வெள்ளைப் பொடி பூத்துவிடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகும் வாஷரும் இடையில் வைத்து, தண்ணீர் புகாதபடி ரப்பர் டேப்பால் மூடு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இந்த ஆன்டெனாவே அப்படிப் பிறந்ததுதான். 1926 வாக்கில் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஷிந்தாரோ உதா கம்பிகளின் நீளத்தையும் இடைவெளியையும் சிறிது சிறிதாக மாற்றி அளந்து அளந்துதான் இதைக் கண்டடைந்தார். 1928-இல் அவருடைய பேராசிரியர் யாகி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதியதால் அவர் பெயர் உலகெங்கும் நின்றுவிட்டது. உழைப்பில் பெரும்பங்கு உதாவுடையது. அவர் பெயரையும் சேர்த்து யாகி-உதா என்றே நீ சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

உன் ஊர் இதற்கு வாய்ப்பான இடம். திருவனந்தபுரம் உனக்கு வடமேற்கே, நாகர்கோவில் தென்கிழக்கே, ஏறக்குறைய நேர் எதிரெதிர். ஆன்டெனாவின் முகத்தைத் திருவனந்தபுரத்துக்கு வைத்தால் முதுகு எனக்கு. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் இருவருமே அளந்துவிடலாம். வேளிமலை குறுக்கே நிற்பதால் எண்கள் கொஞ்சம் மங்கும், ஆனால் நேற்றையும் இன்றையும் ஒப்பிட அது போதும். பின்னாளில் ஆறு எலிமென்ட் செய்யும்போது, என் திசையிலிருந்து இன்னும் சற்றுக் கிழக்கே திருப்பினால் 340 கிலோமீட்டரில் கொழும்பு. மன்னார் வளைகுடாவின் மேல் வெப்பக் காற்று படிந்து நிற்கும் நாட்களில் அதுவும் கைக்கெட்டும்.

ஐப்பசி பிறந்தால் துலாவர்ஷ இடி தொடங்கிவிடும். அதற்குள் கம்பத்துக்கு எர்த் போட்டுவிடு. வானம் கறுத்ததும் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வை, இடி தொடங்கிய பிறகு அதைத் தொடாதே. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கே.எஸ்.இ.பி. மின் லைனில் படாத தூரம் இருக்கிறதா என்று கயிறு பிடித்து அளந்து எனக்கு எழுது. தனியாக மாடி ஏறாதே.

ஞாயிறு காலை ஏழு மணிக்குச் செட்டைப் போட்டிருப்பேன். இப்போது இருக்கிறபடியே முதலில் ஒருமுறை பேசு. என் பக்கம் அட்டெனுவேட்டரை ஒவ்வொரு டெசிபெல்லாக ஏற்றி, எந்த எண்ணில் உன் குரல் இரைச்சலில் மூழ்குகிறது என்று குறித்துவைக்கிறேன். அதன் பிறகு கேபிளை மாற்று.

அன்புடன்,
மாமா