முருங்கனில் பௌதிகவியல்: ரியூசன் பற்றிய ஆறு நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஓ.எல். பெறுபேறு வந்த கிழமையே முருங்கன், நானாட்டான், உயிலங்குளம் வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது: "பிசிக்ஸுக்குப் பிள்ளையை யாரிட்ட விடுறது?" கணிதப் பிரிவுக்குப் போகும் பிள்ளைக்கும் உயிரியல் பிரிவுக்குப் போகும் பிள்ளைக்கும் முன்னால் நிற்கும் பாடம் பௌதிகவியல். வன்னியில் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை நெடுநாளைய துயரம். ஆகவே பாடசாலைக்கு வெளியே உதவி தேடுவதில் பிழை இல்லை. ஆனால் பிழையான நம்பிக்கைகளோடு தேடினால் காசும் போகும், பிள்ளையின் இரண்டு வருடமும் போகும்.

நம்பிக்கை 1: யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ அனுப்பினால்தான் பிள்ளை உருப்படும்.

உண்மை: பெயர் பெற்ற ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் பஸ்ஸில் கழியும் மணித்தியாலங்களில் பிள்ளை ஒரு கணக்கும் செய்வதில்லை. களைத்து வீடு வரும் பிள்ளை அன்று படித்ததைத் திருப்பிப் பார்ப்பதுமில்லை. இன்னொன்றையும் பெற்றோர் அறிய வேண்டும். விஞ்ஞான, கணிதப் பிரிவுகளில் பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும் பகிரப்படுகின்றன. மிகுதி 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. அந்த மாவட்டங்களில் மன்னாரும் ஒன்று. பிள்ளையின் மாவட்டத்தைத் தீர்மானிப்பதில் அது படித்த பாடசாலைக்கும் பங்குண்டு. எனவே ரியூசனுக்காகப் பாடசாலையையே மாற்ற நினைப்பவர்கள் முதலில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை வாசியுங்கள்.

நம்பிக்கை 2: வகுப்புக் கூடினால் விளக்கம் கூடும்.

உண்மை: சேர் கரும்பலகையில் கணக்கைச் செய்து முடிக்கும்போது எல்லாம் விளங்கியது போலவே இருக்கும். வீட்டில் வெறும் தாளை எடுத்து வைத்தால் முதல் வரியே வராது. காரணம், அங்கே யோசித்தவர் சேர். பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அமெரிக்கப் பௌதிகவியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஹேக் 1998இல் 62 வகுப்புகளையும் அவற்றில் படித்த 6,000க்கும் மேற்பட்ட மாணவர்களையும் ஒப்பிட்டார். விசை, இயக்கம் பற்றிய அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் வினாத்தாள் வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் கொடுக்கப்பட்டது. விரிவுரையைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த வகுப்புகளைவிட, மாணவர்களே யோசித்துப் பேசிச் செய்த வகுப்புகளின் முன்னேற்றம் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. ஆகவே ஒரு வகுப்பைத் தெரிவுசெய்யும்போது சேரின் பெயரையும் மண்டபத்தின் அளவையும் விட்டுவிட்டு ஒன்றைக் கேளுங்கள்: என் பிள்ளையின் கொப்பியை அங்கே யாராவது பார்ப்பார்களா? பிள்ளை எந்த வரியில் பிழை விடுகிறது என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் இன்னும் பத்து மணித்தியாலம் இருந்தாலும் அந்தப் பிழை அப்படியேதான் இருக்கும்.

நம்பிக்கை 3: சமன்பாடுகளைப் பாடமாக்கினால் போதும்.

உண்மை: மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் ஆர்முடுகல் என்ன? சமன்பாடுகளை ஒப்புவிக்கும் பிள்ளைகளில் பலர் "பூச்சியம்" என்பார்கள். வேகம்தான் பூச்சியம். புவி பந்தை இழுப்பதை ஒரு கணமும் நிறுத்துவதில்லை. ஆர்முடுகல் அங்கேயும் கீழ்நோக்கியே இருக்கிறது. இதைச் சமன்பாடு தானாகச் சொல்லாது.

இன்னொரு கேள்வியை எங்கள் மாவட்டமே கேட்கிறது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையில் 30 கோபுரங்கள். ஒவ்வொன்றும் உச்சமாக 3.45 மெகாவாற்று தரும், மொத்தம் 103.5. காற்றின் வேகம் இரட்டித்தால் காற்றிலிருந்து கிடைக்கக்கூடிய வலு எத்தனை மடங்காகும்? இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தோடு மாறும் என்று பாடமாக்கிய பிள்ளை "நான்கு" என்று சொல்லும். விடை எட்டு. வேகம் இரட்டிக்கும்போது ஒவ்வொரு கிலோகிராம் காற்றின் சக்தியும் நான்கு மடங்காகிறது. அதோடு ஒரு செக்கனில் இறக்கைகளைக் கடக்கும் காற்றின் திணிவும் இரண்டு மடங்காகிறது. இந்த இரண்டாவது படியைப் பிள்ளையே கண்டுபிடிக்கும் வரை காத்திருந்து, தேவையான இடத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்பவர்தான் நல்ல ஆசிரியர்.

நம்பிக்கை 4: தமிழில் ஒன்றும் இல்லை, இருப்பதெல்லாம் யூடியூப்பில்தான்.

உண்மை: உயர்தர வினாத்தாள் தமிழிலேயே வருகிறது. மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் வள நூல்களையும் தமிழில் தந்திருக்கிறது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் நூலகம் எண்ணிம நூலகத்திலும் காசு கொடுக்காமல் வாசிக்கலாம். யூடியூப்பில் ஒரு பொறியும் உண்டு. தமிழ்நாட்டுக் காணொளிகள் பல அருமையானவை. ஆனால் கலைச்சொற்கள் வேறு. அங்கே நிறை என்றால் நாங்கள் சொல்லும் திணிவு. இங்கே நிறை என்றால் ஒரு விசை. அதன் அலகு நியூட்டன். 60 கிலோகிராம் திணிவுள்ள ஒருவரின் நிறை எங்கள் வினாத்தாளில் 600 நியூட்டன். இந்த ஒரு சொல்லைக் கலந்துவிட்டால் கணக்கு பத்து மடங்கு பிழைக்கும். காணொளி பாருங்கள், பக்கத்தில் எங்கள் வள நூலும் திறந்திருக்கட்டும்.

நம்பிக்கை 5: இருபது வருடப் பாஸ்ட் பேப்பர் செய்தால் சித்தி நிச்சயம்.

உண்மை: எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலாம் பத்திரத்தில் இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்கள். ஒன்றுக்குச் சராசரி 2 நிமிடமும் 24 செக்கனும். கணிப்பான் கொண்டுபோக முடியாது. தொலைபேசியில் கணித்துப் பழகிய பிள்ளை மண்டபத்தில் பெருக்கலிலேயே தடுமாறும். இன்னும் மோசமான பழக்கம், புள்ளித்திட்டத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதிவிட்டு "செய்தாச்சு" என்பது. 1989இல் மிஷெலின் சீயும் சக ஆய்வாளர்களும் நியூட்டனின் விதிகள் பற்றிய செய்துகாட்டிய கணக்குகளை மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். பின்னர் கணக்குகளைத் திறமாகச் செய்தவர்கள், படிக்கும்போதே ஒவ்வொரு படியிலும் "இது ஏன்?" என்று தமக்குத் தாமே விளக்கிக்கொண்டவர்கள். நேரம் குறித்து ஒரு வினாத்தாளைச் செய்து, பிழைத்த ஒவ்வொரு வினாவுக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதிவைக்கும் பிள்ளை, ஐந்து வினாத்தாள்களின் விடைகளைப் பார்த்தெழுதிய பிள்ளையை விடக் கூடுதலாகப் படித்திருக்கும்.

நம்பிக்கை 6: செய்முறைக்கு ஆய்வுகூடம் வேண்டும், சந்தேகம் தீர்க்கச் சேர் வேண்டும்.

உண்மை: இரண்டாம் பத்திரத்தின் அமைப்புக் கட்டுரை வினாக்களில் பரிசோதனைகள் நிறைய வருகின்றன. ரியூசனில் அவற்றைப் படத்தில்தான் பார்க்கிறார்கள். வேணியர் இடுக்கியையும் நுண்மானித் திருகுக் கணிச்சியையும் பாடசாலையில்தான் கையில் எடுக்க முடியும். அந்தப் பாடவேளையை ரியூசனுக்காகத் தவறவிடாதீர்கள். மிச்சத்தில் பலவற்றை வீட்டிலேயே செய்யலாம். ஒரு நூல், ஒரு சிறு கல், ஒரு கடிகாரம். கல்லின் நடு வரை 1 மீற்றர் இருக்கும்படி தொங்கவிட்டு மெல்ல ஆட்டினால் 20 அலைவுகளுக்கு ஏறத்தாழ 40 செக்கன் எடுக்கும். ஏன் ஒரே அலைவை அளக்கக்கூடாது? கையின் தாமதம் 0.2 செக்கன் என்றால், 2 செக்கனில் அது 10 சதவீத வழு. 40 செக்கனில் 0.5 சதவீதம்தான். இதைக் கையால் செய்த பிள்ளைக்கு அந்த வினா பிறகு மறக்காது.

சந்தேகத்துக்கும் அப்படியே. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து தன் வகுப்பில் ஒரு கேள்வியைப் போட்டு, பக்கத்திலிருப்பவரோடு வாதாடி விடைக்கு வரச் சொன்னார். சற்று முன்னர் விளங்கிக்கொண்ட மாணவருக்கு, மற்றவர் எங்கே தடுக்குகிறார் என்பது பேராசிரியரை விடத் தெளிவாகத் தெரிந்தது. முருங்கனில் மூன்று பிள்ளைகள் ஒரு விறாந்தையில் இருந்தால் இதைச் செய்யலாம். விடுமுறைக்கு வீடு வந்திருக்கும் கம்பஸ் அண்ணாவோ அக்காவோ கிழமைக்கு ஒருநாள் வந்தால் இன்னும் நல்லது. ஒரே நிபந்தனை: "மெக்கானிக்ஸ் விளங்கேல்லை" என்று போகாமல், முயன்று பார்த்த கணக்கோடு போக வேண்டும். "இந்த வரி வரை வந்தேன், உராய்வு எந்தப் பக்கம் என்று தெரியேல்லை" என்று கேட்கும் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் உதவலாம்.

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, காசு உள்ள ஊருக்கு மட்டும் வந்ததல்ல. வெற்றிடமாக இருக்கும் பௌதிகவியல் ஆசிரியர் பதவியை நிரப்பும்படி வலயக் கல்வி அலுவலகத்தைக் கேட்பது பெற்றோரின் உரிமை, விடாமல் கேளுங்கள். பழைய மாணவர் சங்கங்கள் பரிசளிப்புக்குச் சேர்க்கும் காசில் ஒரு பங்கைச் சனிக்கிழமைக் கணக்கு வகுப்புக்கு ஒதுக்கட்டும். அங்கே ஆசிரியர் பிள்ளைகள் நடுவே நடந்து கொப்பிகளைப் பார்க்கட்டும். வீட்டில், "வகுப்புக்குப் போனியா?" என்று கேட்பதற்குப் பதிலாக "இண்டைக்கு எந்தக் கணக்கில நிண்டிட்டாய்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்லும் பிள்ளைக்கு யாரிடம் என்ன உதவி வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.