கானமயிலைக் கூண்டு மட்டும் காப்பாற்றுமா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

ராயலசீமையின் தென்கோடியில் சித்தூரும் திருப்பதியும் இருக்கின்றன. அதே சீமையின் வடபுறத்தில், நந்தியால் மாவட்டத்தில் இருக்கிறது ரோல்லபாடு. வானம் பார்த்த பூமி, மழைக்குப் பின் முளைக்கும் புல், இடையிடையே வேர்க்கடலையும் சோளமும் விளையும் மானாவாரிக் காடு. இந்த நிலத்தை நம்பி வாழ்ந்த பெரிய பறவை கானமயில். தெலுங்கு பேசும் நம் அண்டை வீட்டார் அதைப் ‘பட்டமேக பிட்ட’ என்பார்கள். நின்றால் ஒரு மீட்டர் உயரம். ஆண் பறவை 15 கிலோ வரை எடை போடும்.

1969ல் நாடு முழுவதும் சுமார் 1,260 கானமயில்கள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். இன்று காட்டில் மிஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கம் வாழ்கின்றன. ரோல்லபாட்டில் ஒன்று கண்ணில் பட்டாலே அது செய்தி.

2024 அக்டோபரில் ஜெய்சல்மேரிலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. செயற்கைக் கருவூட்டல் மூலம் முதன்முதலாக ஒரு கானமயில் குஞ்சு பொரிந்தது. மகிழ வேண்டிய சேதிதான். ஆனால் அதையொட்டி, ‘இனிக் கவலையில்லை’ என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. இந்தப் பறவையைப் பற்றி நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகளை உரசிப் பார்க்க இதுதான் சரியான நேரம்.

நம்பிக்கை 1: கூண்டில் வளர்த்துப் பெருக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

உண்மை: கோழிப் பண்ணைபோல எண்ணிக்கையைக் கூட்டக்கூடிய பறவை இல்லை இது. கானமயில் பொதுவாக ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கத்துக்குத் தயாராகச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

மத்திய அரசு, ராஜஸ்தான் வனத்துறை, டேராடூனிலுள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனம் ஆகிய மூன்றும் 2018ல் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2019ல் ஜெய்சல்மேர் மாவட்டத்தின் சாம் என்ற ஊரில் வேலை தொடங்கியது. பின்னர் ராம்தேவ்ராவிலும் மையம் அமைந்தது. காட்டிலிருந்து கவனமாக எடுத்து வந்த முட்டைகளை இன்குபேட்டரில் வைத்துப் பொரித்து, குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்தார்கள். கானமயிலின் உறவான வரகுக்கோழிகளை வளர்ப்பதில் அனுபவம் பெற்ற அபுதாபி நிபுணர்கள் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுத்தார்கள். 2024ல் பொரிந்த குஞ்சின் தாய் இருந்தது சாமில், தந்தை இருந்தது ராம்தேவ்ராவில். ஆண் பறவையைப் பழக்கி விந்தெடுத்து, அதை ஊர் கடந்து கொண்டுபோய்க் கருவூட்டினார்கள். அத்தனை பாடு, ஒரு குஞ்சுக்கு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மனிதர் கையில் உண்டு வளர்ந்த பறவை மனிதரைக் கண்டு அஞ்சாது. நாயையும் நரியையும் கண்டு ஒதுங்கவும் அதற்குத் தெரியாது. அதனால் முதல் தலைமுறைப் பறவைகள் மையத்திலேயே இருந்து இனம் பெருக்கும். அவற்றின் வழித்தோன்றல்களைத்தான், மனிதர் முகம் அதிகம் பாராமல் வளர்த்து வெளியே விட வேண்டும். கூண்டு நமக்குத் தருவது கால அவகாசம். அந்த அவகாசத்தில் நிலத்தைச் சீர்செய்தால்தான் அதற்குப் பொருளுண்டு.

நம்பிக்கை 2: திருப்பதி உயிரியல் பூங்கா மாதிரி ஒரு பெரிய இடத்தில் விட்டால் தானாகப் பெருகும்.

உண்மை: சேஷாசல மலையடிவாரத்தில் 1987ல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா உயிரியல் பூங்கா 5,500 ஏக்கர் பரப்புள்ளது. நாட்டின் மிகப் பெரிய பூங்காக்களில் ஒன்று. நம் பிள்ளைகள் விலங்குகளை நேசிக்கக் கற்றுக்கொள்ளும் இடம் அது. ஆனால் காட்சிக்கு வைப்பது வேறு, காட்டுக்குத் திருப்பி அனுப்பவென்று வளர்ப்பது வேறு. கானமயில் மிகவும் மிரளும் சுபாவம் உடையது. சத்தம் கேட்டால் பதறிப் பாய்ந்து கம்பியில் மோதிக்கொள்ளும். அதனால்தான் இனப்பெருக்க மையங்களில் பார்வையாளருக்கு இடமில்லை.

நம்பிக்கை 3: வேட்டைதான் இந்தப் பறவையை அழித்தது. வேட்டை நின்றதால் ஆபத்தும் நீங்கியது.

உண்மை: நவாபுகளும் வெள்ளைக்கார அதிகாரிகளும் இதைச் சுட்டுத் தள்ளியது நிஜம். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இது முதல் அட்டவணையில் இருக்கிறது. அதற்குப் பிறகும் எண்ணிக்கை சரிந்துகொண்டேதான் வந்தது.

இன்றைய பெரிய எமன் மின்கம்பி. கானமயிலின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. பக்கவாட்டில் நன்றாகப் பார்க்கும், நேரெதிரே குறுகலாகத்தான் தெரியும். தரையைப் பார்த்தபடி பறந்து வரும்போது கம்பி கண்ணில் படுவதற்குள் மிக அருகே வந்துவிடும். உடம்போ கனம், சட்டென்று திரும்ப முடியாது. தார்ப் பாலைவனத்தில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 18 கானமயில்கள் கம்பியில் அடிபட்டுச் சாகின்றன என்று இந்தியக் காட்டுயிர் நிறுவனம் கணக்கிட்டது. 150க்கும் குறைவாக உள்ள இனத்தில், வருஷத்துக்கு ஒரு முட்டையிடும் பறவையில், இது தாங்கக்கூடிய இழப்பா?

ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில் வாழும் பகுதிகளில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் உத்தரவிட்டது. சூரிய மின் திட்டங்களுக்கு இடைஞ்சல் என்று அரசு முறையிட, 2024ல் நீதிமன்றம் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. சூரிய மின்சாரம் வேண்டும், சந்தேகமில்லை. பறவை பறக்கும் வழியை விட்டு விலக்கிக் கம்பி இழுப்பதும், விலக்க முடியாத இடத்தில் புதைப்பதும் நம்மால் முடிகிற காரியங்களே.

நம்பிக்கை 4: சரணாலயம் என்று அறிவித்துவிட்டால் போதும்.

உண்மை: இதற்கு இரண்டு பாடங்கள் நம்மிடமே இருக்கின்றன. முதலாவது ரோல்லபாடு. 1988ல் சரணாலயமானது. பரப்பு சுமார் 6 சதுர கிலோமீட்டர். மேய்ச்சலைத் தடுத்ததும் புல் செழித்தது, வெளிமான்கள் பெருகின. மான்கள் சுற்றுவட்டாரப் பயிரை மேய, விவசாயிகளின் கோபம் சரணாலயத்தின் மேல் திரும்பியது. கானமயிலோ வேலிக்குள் அடங்குகிற பறவை கிடையாது. அது இரை தேடியது சுற்றியிருந்த மானாவாரி வயல்களில். பாசனம் வந்து பயிர்முறை மாறியதும் அந்த வயல்கள் அதற்கு அந்நியமாயின.

இரண்டாவது மத்தியப் பிரதேசத்தின் கரேரா. அங்கே 202 சதுர கிலோமீட்டரைச் சரணாலயமாக்கினார்கள். உள்ளே முப்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள், கிராமத்தாரின் பட்டா நிலங்கள். நிலத்தை விற்கவும் முடியாமல் தவித்த மக்களுக்குப் பறவை பகையானது. 1990களில் கரேராவிலிருந்து கானமயில் மறைந்தே போயிற்று. ஒன்று சிறியது, மற்றது பெரியது. இரண்டிலும் விட்டுப்போனது ஒன்றே: பறவையோடு நிலத்தைப் பகிர்ந்துகொள்ளும் விவசாயிக்கு அதனால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி.

நம்பிக்கை 5: வயலில் இறங்கும் பறவை விவசாயிக்கு நஷ்டம்.

உண்மை: கானமயில் வேர்க்கடலையும் தானியமும் கொத்தும், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மழைக்காலத்தில் அதன் முக்கிய இரை வெட்டுக்கிளியும் வண்டும்தான். ஓணான், இலந்தைப் பழம் எல்லாம் தின்னும். பூச்சிமருந்து தெளித்த வயலில் பறவைக்கு இரையும் குறைகிறது, இருக்கிற இரையும் நஞ்சாகிறது. சோளம், கம்பு, பயறு என்று மாற்றிப் போட்டு, ஒரு துண்டைத் தரிசாக விடும் பழைய மானாவாரி வேளாண்மை இந்தப் பறவைக்கு ஒத்துவந்தது. அந்த முறையைத் தொடரும் விவசாயிக்கு அரசு கைகொடுப்பது பறவைக்கும் செய்யும் உதவி.

நம்பிக்கை 6: தரிசு நிலம் வீண் நிலம். மரம் நட்டால் இயற்கைக்கு நல்லது.

உண்மை: இவற்றில் மிகவும் தீங்கானது இந்த நம்பிக்கைதான், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு செய்யப்படுகிறது. கானமயில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில், புல்லுக்கிடையே, மண் நிறத்தோடு கலந்துபோகும் ஒற்றை முட்டையை இட்டு, தாய் மட்டும் அடைகாக்கிறது. தூரத்தில் வரும் நாயையும் நரியையும் முன்கூட்டியே பார்க்கத் திறந்த வெளி அதற்குத் தேவை. அங்கே வரிசையாகக் கன்று நட்டால் எதிரி ஒளிய இடம் கிடைக்கிறது, காகத்துக்கு உட்காரக் கிளை கிடைக்கிறது.

நம் சித்தூர், திருப்பதிப் பக்கம் கானமயில் இல்லை. ஆனால் கௌதாரி, காடை, ஆள்காட்டி, வானம்பாடி எல்லாம் இதுபோன்ற திறந்த மேய்ச்சல் புறம்போக்கில்தான் தரையில் முட்டையிடுகின்றன. ஆடு மேய்ப்பவருக்கும் அந்த நிலம்தான் ஆதாரம்.

நம்பிக்கை 7: ஆந்திராவில் எல்லாம் முடிந்துவிட்டது.

உண்மை: 1900க்குப் பிறகு யாரும் காணாததால் அழிந்ததாக எழுதிவைத்த ஜெர்டான் கல்குருவி, 1986ல் பக்கத்துக் கடப்பா மாவட்டத்தின் புதர்க்காட்டில் உள்ளூர்க்காரர் ஒருவரின் உதவியால் மீண்டும் கிடைத்தது. இங்கிலாந்தில் 1832க்குப் பிறகு இனப்பெருக்கம் செய்யாமல் போன பெரிய வரகுக்கோழியை 2004 முதல் சாலிஸ்பரி சமவெளியில் மறுபடி குடியேற்றி வருகிறார்கள். திரும்பி வர அங்கே திறந்த புல்வெளி இருந்தது என்பதே அதன் ரகசியம்.

ராஜஸ்தானில் வளரும் குஞ்சுகளின் பேரக்குஞ்சுகளை ஒருநாள் ராயலசீமைக்குக் கொண்டுவர முடியலாம். அதற்கு நாம் இன்றே செய்யக்கூடியது உண்டு. உங்கள் ஊராட்சியில் மேய்ச்சல் புறம்போக்கில் கன்று நடவோ, மனைப்பிரிவு போடவோ, கம்பி இழுக்கவோ தீர்மானம் வரும்போது கிராம சபையில் எழுந்து நின்று, ‘இந்த நிலத்தில் இப்போது என்னென்ன வாழ்கிறது என்று பார்த்தீர்களா?’ என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். கூண்டில் பொரியும் ஒவ்வொரு குஞ்சுக்கும் வெளியே ஒரு நிலம் காத்திருக்க வேண்டும். அந்த நிலத்தை வைத்திருப்பவர்கள் நாம்.