நாய்க்கடி ஊசியும் சுண்டெலி ஆய்வும்

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, இடுக்கியின் மறையூர் போன்ற எல்லைப் பகுதிகளில் தமிழ் பேசும் உழவர்களும் தோட்டத் தொழிலாளர்களும் கணிசமாக வாழ்கின்றனர். நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பல ஊசிகள் போடப்பட்ட காலத்தை முதியோர் இன்றும் மறக்கவில்லை. அந்த ஊசியின் வரலாறு நரம்பு மண்டல ஆராய்ச்சியோடு நெருங்கிய தொடர்புடையது.

பழைய தடுப்பூசி

கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் உருவாக்கிய முறையில், ஆட்டு மூளையில் வளர்த்த கிருமி பீனாலால் செயலிழக்கச் செய்யப்பட்டது. 1907-இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையமும் இதைத் தயாரித்தது. எண்ணற்ற உயிர்களை இது காத்தது. ஆயினும் மூளைத் திசுவும் உடலுக்குள் சென்றதால், சிலரது நோய் எதிர்ப்பாற்றல் தம் நரம்புகளின் மயலின் உறையையே தாக்கியது; பக்கவாதமும் மரணமும்கூட நேர்ந்தன. இந்தியாவில் இத்தடுப்பூசியின் உற்பத்தி 2004 இறுதியில் நிறுத்தப்பட்டது.

ஆய்வகத்தில்

இவ்விபத்துகளின் காரணத்தை ஆராய, அமெரிக்காவில் தாமஸ் ரிவர்ஸ் 1930-களில் குரங்குகளுக்கு மூளைத் திசுவைச் செலுத்தி இந்நோயை உண்டாக்கினார். பின்னர் சுண்டெலிகளிலும் இது உருவாக்கப்பட்டது. மனிதரின் மயலின் சிதைவு நோய்க்கு இதுவே முக்கிய ஆய்வு மாதிரியாகும்.

மரபணு இழை ஹிஸ்டோன் எனும் புரதங்களைச் சுற்றியுள்ளது. அப்புரதங்களிலுள்ள அசிடைல் குழுக்களை ஒருவகை நொதி நீக்கினால் சுருள் இறுகி, மரபணு அடங்கும். அந்நொதியைத் தடுத்தால் அடங்கிய மரபணுக்கள் மீண்டும் செயல்படக்கூடும். டிரைக்கோஸ்டாடின்-ஏ எனும் இத்தகைய பொருள், சுண்டெலிகளின் நரம்பழற்சியையும் ஊனத்தையும் குறைத்ததாக 2005-இல் ஆய்வு வெளிவந்தது. வலிப்பு நோய்க்குத் தரப்படும் வால்ப்ராயிக் அமிலத்திற்கும் அந்நொதியைத் தடுக்கும் ஆற்றல் உண்டு.

எனினும், எலியில் கண்ட பயன் மனிதருக்கும் கிட்டும் என்பது உறுதியன்று. இந்நொதிகள் உடலெங்கும் செயல்படுவதால் பக்கவிளைவுகளும் மிகுதி. வால்ப்ராயிக் அமிலம் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கும். இவ்வகைத் தடுப்பான் எதுவும் மயலின் சிதைவு நோய்க்கு ஒப்புதல் பெறவில்லை.

நடைமுறைப் பயன்

இன்றைய தடுப்பூசி மூளைத் திசுவன்றி, திசு வளர்ப்பு முறையில் தயாராகிறது. பெரியவர்களுக்குக் கையில் போடப்படுகிறது. தோலினுள் குறைந்த அளவில் செலுத்தும் முறைக்கு இந்தியா 2006-இல் ஒப்புதலளித்ததால் செலவும் குறைந்துள்ளது. கடிபட்ட இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனையை அடைதல் அவசியம். அறிகுறி தோன்றிய பின் இந்நோய் பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும். மலைக்கிராமங்களில் பழைய ஊசியின் அச்சம் சிகிச்சையைத் தாமதப்படுத்தாதவாறு, சுகாதாரப் பணியாளர்கள் இம்மாற்றத்தை மக்களின் மொழியிலேயே விளக்குதல் வேண்டும்.