விழுந்தால் வெடிக்காத ரிவோல்வர்

கேள்வி: ரிவோல்வரில் பூட்டு ஒன்றும் வெளியில் தெரிவதில்லை. கைதவறி விழுந்தால் வெடிக்காதா? இந்தப் பாதுகாப்பு எப்போது வந்தது?
— வாசகர் ஒருவர், நீர்வேலி

பதில்: பூட்டு உள்ளே இருக்கிறது. அதை யாரும் போடவோ எடுக்கவோ வேண்டியதில்லை. பழைய ரிவோல்வர்களில் சுத்தியல் தோட்டாவின் அடியை ஒட்டியே கிடக்கும். 1873இல் வந்த கோல்ட் ரிவோல்வருக்கு ஆறு அறைகள். ஆனாலும் விபரம் தெரிந்தவர்கள் சுத்தியலுக்கு நேரான அறையை வெறுமையாக விட்டு ஐந்து தோட்டாக்களே போட்டார்கள். 1890களில் அமெரிக்காவின் ஐவர் ஜோன்சன் கொம்பனி சுத்தியலுக்கும் தோட்டாவைக் குத்தும் ஊசிக்கும் நடுவே சிறிய உலோகத் தண்டு ஒன்றை வைத்தது. விசையை இழுக்கும்போது மட்டும் தண்டு மேலெழுந்து, சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்தும். மற்ற வேளைகளில் சுத்தியல் ஊசியைத் தொடாது. 1905இல் கோல்ட் இதை மறுபக்கமாகச் செய்தது: சுத்தியலின் வழியில் ஒரு தடை நிற்கும், விசையை இழுத்தால் விலகும்.

தடை ஒன்று இருந்தால் போதும் என்று நினைப்பது இயல்பு. போதாது என்பதை 1944இல் ஓர் உயிர் போய்த்தான் உலகம் அறிந்தது. அமெரிக்கப் போர்க்கப்பலின் இரும்புத் தளத்தில் ஸ்மித் அண்ட் வெசன் கொம்பனியின் 'விக்டரி' ரிவோல்வர் விழுந்து வெடித்து, கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். பிரித்தானியாவுக்கும் பொதுநலவாய நாடுகளுக்கும் ஐந்து இலட்சத்துக்கு மேல் அனுப்பப்பட்ட அதே வகை. அதற்குள்ளும் தடை இருந்தது. ஆனால் அதைத் திரும்ப இடத்துக்குக் கொண்டுவருவது ஒரு மெல்லிய வில்லின் பொறுப்பு. துருப்பிடிக்காமல் பூசிய கிறீஸ் இறுகியதும் வில் தோற்றது. உடனே கொம்பனி, விசையோடு சேர்ந்து நகரும் பாகத்துடனேயே தடையைக் கோர்த்தது. விசை முன்னுக்கு வந்தால் தடையும் வந்தே ஆகவேண்டும். உண்மையான பாதுகாப்பு பிறந்தது இங்கேதான் என்பேன்: மனிதனின் ஞாபகத்தையும் அது நம்பவில்லை, தனி வில்லையும் நம்பவில்லை. 1973இல் ரூகர் கொம்பனி, கையால் சுத்தியலை இழுத்துச் சுடும் பழைய பாணி ரிவோல்வருக்கும் ஐவர் ஜோன்சனின் தண்டு முறையைக் கொண்டுவந்தது.

அப்படியானால் விபத்துகள் ஏன் நிற்கவில்லை என்று கேட்கலாம். இந்தப் பொறி தடுப்பது விழுகையையும் அடியையும் மட்டுமே. விசையை இழுக்கும் விரல் பொலிஸ்காரருடையதா, குழந்தையுடையதா என்று அதற்குத் தெரியாது. மண்ணில் கிடந்து துருவேறிய ஆயுதத்தில் எந்தப் பாகமும் சொன்னபடி அசையாது. ஆகவே போர் நடந்த நம் மண்ணில், தோட்டம் கொத்தும்போதோ கிணறு இறைக்கும்போதோ பழைய துவக்கு ஏதும் தட்டுப்பட்டால் தொடாதீர்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டு 119க்கு அறிவியுங்கள்.